ராசியான குழாயும் ஒரு சிட்டிகை உப்பும்

என் தங்கையை அவள் வேலை செய்யும் ஆய்வகத்தில் உப்புக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டில் அவள் சின்னவள். யாராவது அம்மாவிடம், "உங்க சின்னப் பொண்ணு என்ன ஆராய்ச்சி பண்ணுது?" என்று கேட்டால் அம்மா கையிலிருக்கும் வேலையை நிறுத்தாமலேயே பதில் சொல்வாள்.

"உப்புப் போட்டா என்ன ஆகும், போடலைன்னா என்ன ஆகும்னு பாக்குறா. அதுக்குப் போய் அஞ்சு வருஷம். என்கிட்ட கேட்டிருந்தா அஞ்சு நிமிஷத்துல சொல்லியிருப்பேன்."

கேட்டவர்கள் சிரிப்பார்கள், சின்னவளும் சிரிப்பாள். அம்மா கிண்டலாகச் சொன்னாலும் அதில் தப்பில்லை. என் தங்கை ஆராய்ந்தது அதைத்தான்.

நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸின் ஓரத்தைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவது என் வேலை. அவளுடைய வேலையை எனக்குப் புரிந்த அளவில்தான் இங்கே எழுதுகிறேன். எழுதியதை அவளிடம் படித்துக் காட்டி, தவறு என்று அவள் சொன்ன இடங்களைத் திருத்தியும் விட்டேன். அவளைப் பற்றிய புகழ்ச்சி என்று அவள் அடிக்கச் சொன்ன இடங்களை மட்டும் அடிக்கவில்லை.

கைபேசிக்குள்ளும் கணினிக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான சுவிட்சுகள் இருக்கின்றன. அவற்றை இன்னும் சிறிதாக்க வேண்டுமென்றால் இன்னும் மெல்லிய பொருள் வேண்டும். அப்படி ஒரு பொருளைத்தான் அவள் வளர்க்கிறாள். மாலிப்டினம் என்ற உலோகத்தின் அணுக்கள் நடுவில் ஒரு வரிசை, அதற்கு மேலே கந்தகம் ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை. மூன்றே அணு கனம். அதைப் படலம் என்கிறார்கள். நான் முதன்முதலில் பார்த்தபோது, "எங்கேடி இருக்கு?" என்றுதான் கேட்டேன். ஊதா நிறத்தில் நகத்தளவு சிலிக்கான் தட்டு ஒன்றைக் காட்டி, "இதும்மேலதான் இருக்கு, மூச்சு விடாம பாரு" என்றாள். மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. நுண்நோக்கியில் வைத்துக் காட்டியபிறகுதான் தெரிந்தது. ஊதாத் தரையில் கொஞ்சம் அடர்ந்த நிறத்தில் முக்கோணங்கள், கத்தரித்து ஒட்டியதுபோல ஓரம் பிசகாமல். முக்கோணங்கள் வளர்ந்து ஒன்றோடொன்று கைகோர்த்தால் அது படலம்.

அதை வளர்ப்பது ஒரு குழாய்க்குள். குவார்ட்ஸ் என்ற கண்ணாடியால் ஆன, ஆள் நீளத்துக்குச் சற்றுக் குறைந்த குழாய். அது மின்சார உலைக்குள் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளிவரும். உள்ளே விரல் நீளப் பீங்கான் தொட்டி ஒன்றில் மாலிப்டினப் பொடி. தள்ளி இன்னொன்றில் கந்தகம். பொடிக்குப் பக்கத்தில் தட்டு. ஆர்கான் வாயுவை மெல்ல ஓடவிட்டு உலையைச் செந்தணலாகச் சூடேற்றினால், இரண்டும் ஆவியாகித் தட்டின்மேல் சந்தித்துக்கொள்ளும்.

இதில் உப்புக்கு என்ன வேலை? மாலிப்டினப் பொடி இலேசில் கிளம்பாது. சாதாரண உப்பைக் கொஞ்சம் கலந்தால் குறைந்த சூட்டிலேயே ஆவியாகிவிடும். முளைக்கும் இடங்கள் குறைந்து, முளைத்தவை பெரிதாக வளரும். உப்பு இல்லையென்றால் தட்டில் தூசி விழுந்ததுபோலப் புள்ளிகள்தான். ஆனால் உப்பு போட்டால் அதிலுள்ள சோடியம் படலத்துக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்தப் படலத்தில் சுவிட்ச் செய்தால், அணைத்த பிறகும் சரியாக மூடாத தண்ணீர்க் குழாய் மாதிரி மின்சாரம் ஒழுகிக்கொண்டே இருக்கும். உதவிக்கு வந்த விருந்தாளி வீட்டைவிட்டுப் போகமாட்டேன் என்கிற கதை.

ஆகவே, உப்பைக் குறைத்துக்கொண்டே போய், இல்லாமலே வளர்க்க முடியுமா என்று பார்ப்பதுதான் அவள் எடுத்துக்கொண்ட வேலை. நன்றாக வளர்கிற அளவிலிருந்து தொடங்கினாள். ஒவ்வொரு முறையும் உப்பைக் கொஞ்சம் குறைத்தாள். வாயுவின் ஓட்டத்தையும் சூட்டையும் சரிசெய்தாள். படலம் வந்தது. மேலும் குறைத்தாள். வந்தது. கடைசியில் ஒரு நாள் உப்பே போடாமல் உலையை மூடினாள். அன்றைக்கு வந்த முக்கோணங்களின் படத்தை அச்செடுத்து வந்து குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டினாள். அம்மா அதை ஏதோ பேரக்குழந்தையின் படம்போலத் தினமும் துடைத்தாள்.

அந்தப் பூஜ்யத்தின்மேல்தான் அவளுடைய முனைவர் பட்டம் நின்றது. அவளுக்கு வழிகாட்டியான பேராசிரியரை எல்லோரும் மேடம் என்றுதான் சொல்வார்கள். குள்ளமான மனுஷி, உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அவர் ஆய்வேட்டை எழுதத் தொடங்கச் சொல்லிவிட்டார். பல ஊர் ஆய்வகங்கள் கூடும் கருத்தரங்கில் அவள் பேசவும் ஏற்பாடாகி, 'உப்பில்லாமல் வளரும் படலம்' என்று தலைப்பும் அச்சாகிவிட்டது.

அப்போதுதான், அவளிடம் செய்முறையைக் கேட்டு வாங்கியிருந்த வேறோர் ஊர் ஆய்வகத்திலிருந்து தொலைபேசி வந்தது. விடுமுறை நாள். சின்னவள் சமையலறை மேடையில் ஏறி உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். கை வேலையாக இருந்ததால் ஒலிபெருக்கியில் போட்டுப் பேசினாள். அந்தப் பக்கம் இருந்த பெண்ணின் குரலில் அலுப்பு.

"உங்க முறைப்படியேதான் செய்றோம். வெறும் தட்டுதான் வருது. என்ன விட்டுட்டோம்னு தெரியல. ஒண்ணுவிடாம சொல்லுங்களேன்."

சின்னவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். அந்தப் பெண் ஒவ்வொன்றுக்கும் "அதேதான்" என்றாள். பொடி அதே கம்பெனி. வாயு அதே கம்பெனி. சூடு அதே சூடு.

"குழாய்?"

"குவார்ட்ஸ்தான். அதுல என்ன இருக்கு? போன வாரம்தான் வாங்கினோம், புத்தம்புதுசு."

சின்னவள் பட்டாணி உரிப்பதை நிறுத்தினாள். "நான் பாத்துட்டுக் கூப்பிடுறேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள். அதன்பிறகு அவள் உரித்ததில் தோல் கிண்ணத்துக்கும் பட்டாணி குப்பைக்கும் போயின.

அந்த ஆய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு. இதைச் சொல்லாவிட்டால் அவளுக்கு ஏன் மனம் அடித்துக்கொண்டது என்று புரியாது. படலம் நன்றாக வரும் குழாயை அவர்கள் கழுவ மாட்டார்கள். கழுவினால் ராசி போய்விடும் என்று பேச்சு. அவள் பயன்படுத்திய குழாய்தான் அங்கே இருந்தவற்றிலேயே ராசியானது. அதன் முனையில் சிவப்பு நாடா சுற்றி, 'கழுவாதே' என்று எழுதியிருந்தார்கள். அதற்குப் பிறந்தநாள் கொண்டாடாததுதான் பாக்கி. நான் ஒருமுறை போனபோது அதன் நடுப்பாகம் பால் ஆடை படிந்ததுபோல மங்கியிருந்தது. வாய் ஆவிதான் படிந்திருக்கிறது என்று நினைத்து முந்தானையால் துடைக்கப் போனேன். ஆய்வகமே "ஐயோ அக்கா!" என்று கத்தியது.

சின்னவளோடு ஒரே உலையில் வேலை செய்தவன் நெட்டையன். அவள் வளர்த்த படலத்தில் சுவிட்ச் செய்து சோதிப்பது அவன் வேலை. கதவு நிலையில் தலை இடிக்காமல் அவன் நுழைந்த நாள் இல்லை. அவனிடம் அவள் முதலில் சொன்னாள்.

"உப்பு போட்டு போட்டுத்தானே நான் குறைச்சுக்கிட்டே வந்தேன். எல்லாமே இந்தக் குழாய்லதான். அந்த உப்பெல்லாம் எங்கடா போச்சு?"

"எங்க போகும்? காத்தோட போயிருக்கும்."

"செவுத்துல ஊறியிருந்தா?"

நெட்டையன் குழாயின் சிவப்பு நாடாவைத் தடவிப் பார்த்தானாம். பிறகு, "அவங்களுக்கு வால்வு திறக்கத் தெரியலைன்னா அதுக்கு நீ என்ன பண்ணுவ? உப்புப் பெறாத விஷயம், விட்டுத்தள்ளு. கருத்தரங்கு முடியட்டும்" என்றான்.

"முடிஞ்சப்புறம் தெரிஞ்சு என்ன புண்ணியம்?"

"அதுக்காக ராசியான குழாயைக் கழுவப் போறியா? என் சாம்பிள் பாதி அதுலதான் வருது தாயே."

"உன் குழாயை நீயே கட்டிப்பிடிச்சுக்கோ. நான் புதுசு போடப்போறேன்."

ஆய்வகத்தின் அலமாரியில் பிரிக்காத குழாய் ஒன்று இருந்தது. அடுத்த விடுமுறை நாளில் அதைப் போடுவதென்று முடிவு செய்தாள். "நீயும் வாக்கா" என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, "பேசாம பக்கத்துல உக்காந்திருக்க ஒரு ஆள் வேணும், உனக்குத்தான் அது வரும்" என்றாள். அவளுக்கு வயிறு சரியில்லாத நாள்களிலும் பரீட்சை நாள்களிலும் நான் அந்த வேலையைத்தான் பார்த்திருக்கிறேன். கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுப் போனேன்.

காலை வெயில் ஜன்னல் வழியாக உலையின்மேல் விழுந்துகொண்டிருந்தது. எனக்கும் ஒரு பாதுகாப்புக் கண்ணாடி கொடுத்து முக்காலியில் உட்காரவைத்தாள். அந்தக் கண்ணாடியின் சட்டம் ஒரு பக்கம் தூக்கலாக இருந்தது. அதை நேர்செய்யக் கை துடித்தது, ஆனாலும் அடக்கிக்கொண்டேன். புதுக் குழாயை உறையிலிருந்து அவள் உருவியபோது, தண்ணீரை நீளமாக வெட்டி எடுத்ததுபோல இருந்தது. அவ்வளவு தெளிவு. தொட்டியில் பொடியை வைத்தாள். உப்பு இல்லை. தட்டை வைத்தாள். வாயுவைத் திறந்தாள். மற்றதெல்லாம் அவள் வழக்கமாகச் செய்வதுபோல, ஒரு மாற்றமும் இல்லாமல்.

உலை சூடேறி, எரிந்து, ஆறுவதற்குப் பொழுது பாதி போய்விட்டது. அவள் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஆறியதும் தட்டை இடுக்கியால் எடுத்து நுண்நோக்கியில் வைத்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு நகர்ந்து, "நீ பாரு" என்றாள்.

ஊதா நிறம். வெறும் ஊதா. ஓரத்தில் மட்டும் மிளகு தூவியதுபோலச் சில புள்ளிகள்.

"வேற எங்கயாவது இருக்குமோ?" என்று கேட்டேன்.

"எல்லா மூலையும் பாத்துட்டேன்கா."

அழுவாள் என்று நினைத்தேன். அவள் தலைமுடியை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டு, அடுத்த தட்டை எடுத்தாள். அடுத்த நாள் அதே புதுக் குழாயில் பழைய அளவு உப்பைப் போட்டாள். பெரிய பெரிய முக்கோணங்கள் வந்தன. அதற்கு மறுநாள், அதே குழாயைக் கழுவாமல், உப்பு போடாமல் உலையை மூடினாள். அன்றைக்கு வேலை முடிந்து நேராகக் கடைக்கே வந்துவிட்டாள். நான் தேய்ப்பு இயந்திரத்தை நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன்.

"வந்திருச்சு" என்றாள். "உப்பே போடல. அழகா வந்திருச்சு. என் ஆராய்ச்சி மொத்தமும் போச்சுக்கா."

வேறு யாராவது கேட்டிருந்தால், வந்ததற்கு ஏன் இப்படிப் பேசுகிறாள் என்று குழம்பியிருப்பார்கள். எனக்குப் புரிந்தது. ஒரே ஒருமுறை போட்ட உப்பைக் குழாய் குடித்து வைத்துக்கொண்டு, அடுத்த முறை திருப்பிக் கொடுத்துவிட்டது. அப்படியென்றால் வருடக்கணக்காக உப்பு குடித்த ராசியான குழாய் எவ்வளவு வைத்திருக்கும்? அவள் கண்ட பூஜ்யம் பூஜ்யமே இல்லை. உப்பு இல்லாத இடத்திலிருந்து மேலே ஏறியிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். அவள் மேலிருந்து கீழே இறங்கி வந்தவள். வளர்கிற இடத்திலிருந்துதானே எல்லோரும் தொடங்குவார்கள்? அங்கே எல்லோரும் அப்படித்தான் தொடங்கினார்கள்.

மேடத்திடம் அவள் போய்ச் சொன்னதை, வீட்டுக்கு வந்து மேடம் மாதிரியே நின்றுகொண்டு நடித்துக் காட்டினாள். அவள் காட்டியபடியே எழுதுகிறேன்.

மேடம் முதலில், "ஒரு தடவை பாத்ததை வச்சுச் சொல்றியா?" என்று கேட்டார்.

"இல்ல மேடம். திரும்பத் திரும்பப் பாத்துட்டேன்."

"நான் பாக்கணும்."

மறுநாள் மேடமே வந்து கையுறை மாட்டிக்கொண்டு, இன்னொரு புதுக் குழாயில் தன் கையால் எல்லாவற்றையும் வைத்தார். ஆறும்வரை உலைக்குப் பக்கத்திலேயே நின்றார். நுண்நோக்கியில் வெறும் தட்டைப் பார்த்துவிட்டு, கையுறையைக் கழற்றி மடித்து வைத்தார்.

"பேச்சை வாபஸ் வாங்கிடலாம். உடம்பு சரியில்லைன்னு சொல்லிடலாம். யாரும் நோண்டிக் கேக்க மாட்டாங்க."

"எனக்கு உடம்பு நல்லாத்தான் இருக்கு மேடம்."

"மேடைல ஏறி என்ன சொல்லப் போற?"

"குழாய் உப்பைப் பிடிச்சு வச்சுக்குதுன்னு சொல்லப் போறேன்."

"உன் பட்டம் தள்ளிப்போகும். ஒரு வருஷமாவது ஆகும், தெரியுமில்ல?"

"தெரியும் மேடம்."

"அதுவும் நிச்சயமில்ல. மறுபடி செஞ்சு ஒண்ணும் கிடைக்கலைன்னா?"

"கிடைக்கலைன்னு எழுதுவேன்."

அதற்கு மேடம், "சரி, படங்களைத் தயார் பண்ணு. நானும் வந்து முன் வரிசைல உக்காருறேன். யாராவது கத்தினா என்னைப் பாத்துக் கத்தட்டும்" என்றாராம். மேடம் நல்லவர் என்று எனக்கு அதற்கு முன்பும் தெரியும். எவ்வளவு நல்லவர் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இதைக் கேட்ட அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஏன்டி, யாராவது வந்து உன்னைக் கேட்டாங்களா? நீயா போய் ஏன் சொல்லணும்? பட்டத்தை வாங்கிட்டு அப்புறமா சொன்னா வாய் வெந்துடுமா?"

"கேக்கத்தான்மா போறாங்க. புதுக் குழாய் வாங்குற ஒவ்வொருத்தரும் கேப்பாங்க."

"அதுக்குள்ள நீ டாக்டராயிருப்ப."

"ஆமா. தப்பான டாக்டர்."

அம்மா என்னைப் பார்த்தாள், நான் அவள் பக்கம் பேசுவேன் என்று. நான் சின்னவளுக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தேன்.

கருத்தரங்குக்கு எங்களை விடமாட்டார்கள். அது முடிந்த அன்று மாலையே நெட்டையன் வீட்டுக்கு வந்து, கதவு நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டு, அதைத் தேய்த்தபடியே அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தான்.

"உங்க பொண்ணு என்ன பண்ணினா தெரியுமாம்மா? முதல் படத்துலயே அச்சடிச்ச தலைப்பைப் பெருசா போட்டா. 'உப்பில்லாமல் வளரும் படலம்.' எல்லாரும் நிமிந்து உக்காந்தாங்க. அடுத்த படத்துல அதே தலைப்பு, குறுக்கால ஒரு கோடு."

"திட்டினாங்களா?" என்றாள் அம்மா.

"முதல்ல குசுகுசுன்னு பேசிக்கிட்டாங்க. அப்புறம் ஒரு பெரியவர் எந்திரிச்சாரு. 'எங்க குழாயும் பல வருஷப் பழசு. அப்போ எங்க முடிவெல்லாம் என்ன ஆகும்?'னு அதட்டலா கேட்டாரு. இவ அசரணுமே! 'ஒரு புதுக் குழாய்ல போட்டுப் பாருங்க சார், தெரிஞ்சிடும்'னுட்டா. அவரு பேனாவை எடுத்து எழுதிக்கிட்டே உக்காந்துட்டாரு."

"உனக்கு ஒண்ணும் நஷ்டமில்லையேப்பா?"

நெட்டையன் நெற்றியிலிருந்து கையை எடுத்தான். "என் சாம்பிள் பாதி அவுட்டும்மா. உப்பில்லாததுன்னு எழுதினதெல்லாம் மாத்தணும். ஒரு வாரமா இவகூட நான் பேசவே இல்ல." பிறகு சின்னவள் பக்கம் திரும்பி, "இப்பவும் கோவம்தான். சோறு போட்டாங்கன்னு பேசிக்கிட்டிருக்கேன்" என்றான்.

"சாப்பிட்டுட்டுப் போய் லேபிளை மாத்து" என்றாள் சின்னவள்.

அதற்குப் பிறகு அவள் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினாள். இந்த முறை பூஜ்யத்திலிருந்து மேலே. ஆனால் ஒவ்வொரு முறையும் புதுக் குழாய்க்கு எங்கே போவது? பெரிய குழாய்க்குள் நுழைகிற மாதிரி மெல்லிய உள்குழாய் ஒன்றைச் செருகிவிட்டால், ஆவி அதில்தான் படும். ஒருமுறை பயன்படுத்தி எடுத்துவிடலாம் என்று யோசித்தாள். குவார்ட்ஸை வெட்டி உருக்கி வடிவம் கொடுக்கும் பட்டறை அந்த வளாகத்திலேயே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டவர் கண்ணாடிக்காரர்.

"என்னம்மா, குழாய்க்குள்ள குழாயா? நாளைக்கு அதுக்குள்ள ஒண்ணு கேப்பியா?"

"இப்போதைக்கு இது போதும் அண்ணே."

அவர் வெட்டிக் கொடுத்தார். அப்படியும் ஒரு நாள், உப்பே போடாத, புத்தம்புது உள்குழாயில் ஒரு பக்கம் மட்டும் முக்கோணங்கள் முளைத்துவிட்டன. சின்னவள் தூக்கம் கெட்டாள். பொடியைச் சந்தேகப்பட்டாள், கந்தகத்தைச் சந்தேகப்பட்டாள், கடைசியில் அந்தப் பக்கம் எது பட்டிருக்கும் என்று யோசித்துப் பட்டறைக்குப் போய் நின்று பார்த்தாள். கண்ணாடிக்காரர் வெட்டிய குழாயை வெறுங்கையால் பிடித்து, வழக்கம்போல விரலால் உள்ளே ஒரு சுற்றுத் தடவி, விளிம்பு சொரசொரப்பாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் ஒரு பெட்டி கையுறையோடு போனாள்.

"எனக்கே கையுறையா? இத்தனை வருஷம் இந்தக் கையாலதான் எல்லாருக்கும் செஞ்சு குடுத்திருக்கேன்."

"கோவிச்சுக்காதீங்க அண்ணே. வேர்வைல உப்பு இருக்கு."

"எவன் கையிலதான் இல்ல?"

"அதனாலதான் நானும் போட்டிருக்கேன், பாருங்க" என்று தன் இரண்டு கைகளையும் அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே மாட்டிக்கொண்டார். அதன்பிறகு பட்டறைக்கு வருகிற எல்லோரையும், "கையுறை எங்கே?" என்று அவரே அதட்டத் தொடங்கிவிட்டதாகக் கேள்வி.

உப்பின் அளவு குறையக் குறைய, தராசிலும் அது நிற்கவில்லை. ஆகவே உப்பைத் தண்ணீரில் கரைத்தாள். அந்தத் தண்ணீரை இன்னும் தண்ணீர் ஊற்றி நீர்க்கவைத்தாள். அதில் ஒரே துளியைத் தொட்டியில் விட்டுக் காயவைத்தாள். மாதக்கணக்கில் வெறும் ஊதாத் தட்டுகள். வீட்டுக்கு வந்தால் அம்மா கேட்கமாட்டாள்; ஜாடையால் என்னைக் கேட்கச் சொல்வாள். நான் கேட்கமாட்டேன். அவளே, "இன்னிக்கும் ஊதாதான்" என்று சொல்லிவிட்டுக் கைகழுவப் போவாள். அலுத்துக்கொண்டு நான் பார்க்கவில்லை. ஒருமுறை மட்டும், அவள் சமைத்த நாளில் சாப்பாட்டில் உப்பே இல்லை. அம்மா வாயில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "சொல்லிடாத" என்று சின்னவள் விரலை நீட்டினாள். மூன்று பேரும் அப்படியே சாப்பிட்டு முடித்தோம்.

முதல் முக்கோணம் வந்தபோது அவள் படத்தை அச்செடுக்கவில்லை. அதே அளவில் இன்னொரு உள்குழாயில் போட்டாள். வந்தது. நெட்டையனைப் போடச் சொன்னாள். வந்தது. மேடத்தைப் போடச் சொன்னாள். மேடத்துக்கும் வந்தபிறகுதான் வீட்டில் வாயைத் திறந்தாள். அந்த அளவுக்குக் கீழே போனால் வளரவில்லை. அதற்கு மேலே கொஞ்ச தூரம் போகலாம். அதையும் தாண்டினால் நெட்டையனின் சுவிட்சுகள் ஒழுகத் தொடங்கின. வழக்கமாக எல்லோரும் போட்ட உப்பில் அது ஒரு சிட்டிகையில் ஒரு துணுக்குக்கூட இல்லை. ஆனாலும் பூஜ்யம் இல்லை.

பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு எல்லோரும் வந்து பார்க்கலாம் என்று வைத்திருந்தார்கள். அம்மாவும் நானும் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். சின்னவள் முக்கால் மணி போலப் பேசினாள். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஒல்லியான ஆள். அவருடைய மூக்குக்கண்ணாடி இடதுபக்கம் இறங்கியிருந்தது; என் கண் அதிலேயே போய் நின்றது. அவர் கேள்விகளைச் சுற்றிவளைக்கவில்லை.

"ஆக, உப்பு வேணுமா, வேணாமா?"

"வேணும் சார்."

"எவ்வளவு?"

அவள் திரையில் இருந்த கோட்டுப் படத்தின் அருகே போய் விரலை வைத்தாள். "இதுக்குக் கீழ வளராது. இந்த இடத்துக்கு மேல போனா சுவிட்ச் ஒழுகும். நடுவுல இவ்வளவுதான் இடம்."

"போன வருஷம் நீங்க உப்பே வேண்டாம்னு சொன்னதா ஞாபகம். கருத்தரங்குப் புத்தகத்துல தலைப்பே இருக்கு."

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"சொன்னேன் சார். தப்பு. எப்படித் தப்பாச்சுன்னு நாலாவது அத்தியாயத்துல எழுதியிருக்கேன். பழைய படங்களையும் எடுக்காம அப்படியே வச்சிருக்கேன்."

தேர்வாளர் ஆய்வேட்டைப் புரட்டி அந்த அத்தியாயத்தை எடுத்தார். எல்லோரையும் காக்கவைத்துவிட்டுப் படித்தார். இரண்டு பக்கத்தை ஒன்றாகப் புரட்டிவிட்டு, திரும்பப் போய் விட்ட பக்கத்தையும் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்த ஒரு அத்தியாயத்தை மட்டும் எங்க பசங்களுக்குக் குடுக்கலாமா? எங்க குழாயையும் யாரும் கழுவ விடுறதில்ல."

"குடுங்க சார். கூடவே ஒரு புதுக் குழாயும் வாங்கிக் குடுங்க."

அரங்கத்தில் சிரிப்பு எழுந்தது. மேடம் சிரிக்கவில்லை, நின்றுகொண்டே கைதட்டினார். சின்னவளை வெளியே அனுப்பி, கதவைச் சாத்தி, மறுபடி உள்ளே கூப்பிட்டுப் பட்டம் என்று சொன்னார்கள். அம்மா யாருக்கு வணக்கம் சொல்வதென்று தெரியாமல் எல்லோருக்கும் சொன்னாள். நெட்டையன் கைகுலுக்க வந்தான், கண்ணாடிக்காரர் கையுறையோடேயே வந்திருந்தார். சின்னவள் ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லிவிட்டு என் பக்கம் வந்து கைப்பையைக் கொடுத்தாள்.

"அம்மாவைக் கூட்டிக்கிட்டு முன்னாடி போக்கா. காலைல ஒரு தட்டு வச்சிட்டு வந்தேன். இந்நேரம் உலை ஆறியிருக்கும்" என்று சொல்லி, படியிறங்கிப் போனாள்.